முகக்கவசமும் சாவக நோன்பும்



2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. அம்மாதம் 25ஆம் நாள் முதல் நம் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் வந்த மகாவீரர் ஜயந்தியன்று ஆலயங்கள் அடைபட்டிருந்தமையால், நாம் அவரவர் இல்லத்திலேயே விளக்கேற்றிப் பகவானைத் துதித்தோம். பின்னர் நோய் தணிந்தது. 2023 மே 5ஆம் நாள் அந்த நெருக்கடி நிலை முடிவுற்றதாக அந்நிறுவனமே அறிவித்தது. முகக்கவசங்கள் பெட்டியின் மூலைக்குச் சென்றன.

ஆயினும் அக்காலத்தில் எழுந்த வினா ஒன்று இன்னும் விடையின்றி நிற்கின்றது. நோயாளியும் அல்லர், மருத்துவரும் அல்லர். அன்றாட வாழ்வு நடத்தும் எளிய மக்கள் தொற்றுக் காலத்தில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டுமா? வேண்டும் எனின், அஃது அரசின் ஆணையாலா, அறத்தின் ஆணையாலா?

தமிழ்நாட்டில் 2020 செப்டம்பரில் முகக்கவசம் அணியாதவர்க்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2022 சனவரியில் அது 500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அபராதத்திற்கு அஞ்சி அணிந்தவர்கள் காவலரைக் கண்டபோது மேலே ஏற்றினார்கள். அவர் தலை மறைந்தபோது தாடைக்கு இறக்கினார்கள். சட்டத்தின் கண் உள்ள இடத்தில் மட்டும் நிற்பது அச்சம். எவர் கண்ணும் இல்லாத இடத்திலும் நிற்பதே விரதம். இந்த வினாவை விரதத்தின் பக்கத்திலிருந்து ஆராய்தல் நம் கடன். அச்சம் நீங்கிய இந்நாளே அதற்கு ஏற்ற காலமுமாகும்.

முகவஸ்திரம் நமக்கு உரியதா?

பெருந்தொற்று நாளில் அயலார் பலர் நம்மவரைப் பார்த்து, "உங்கள் சமயத்தில் வாயைத் துணியால் கட்டும் வழக்கம் முன்னமே உண்டே! உங்களுக்கு இது புதிதா?" என வினவினர். அவர்கள் கூறியது சுவேதாம்பரப் பிரிவினரின் வழக்கம். அவருள்ளும் ஸ்தானகவாசி, தேராபந்தி ஆகிய இரு மரபின் துறவியர் 'முகபத்தி' என்னும் துணியை எப்பொழுதும் வாயின்மேல் கட்டியிருப்பர். மூர்த்திபூஜக மரபினர் அதனைக் கையில் ஏந்திப் பேசும்போது வாயருகே பிடிப்பர். அம்மரபின் இல்லறத்தார் திருவுருவத்திற்குப் பூசனை செய்யும்போது எட்டு மடிப்புள்ள துணியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வர்.

நாமோ திகம்பர மரபினர். நம் முனிவர்கள் மயிற்பீலியும் கமண்டலமும் தாங்குவரேயன்றி முகத்தில் துணி தாங்குவதில்லை. ஆதலின், "முகத்தை மூடுதல் நம் மரபன்று; நமக்கு அது எதற்கு?" என்று நம்மவருள் சிலர் கூறியதும் உண்டு.

இக்கூற்றில் பாதி உண்மை இருக்கின்றது. துணி நம் மரபன்று. ஆனால் துணியின் பின்னே நிற்கும் கருத்து முழுவதும் நம்முடையதே. முனிவர் மயிற்பீலி ஏந்துவது அழகிற்கா? அமரும் இடத்தில் உள்ள சிற்றுயிர்க்குத் தம் உடலால் ஊறு நேராதிருத்தற்கன்றோ! நான்கு முழம் முன்னே நோக்கி நடக்கும் ஈரியா சமிதியும், ஆராய்ந்து பேசும் பாஷா சமிதியும், பொருளை எடுத்து வைப்பதிலும் விழிப்புடைமையும் ஒரே வேரில் கிளைத்தவை. 'என் உடல் பிற உயிர்க்குத் துன்பக் கருவி ஆகலாகாது' என்னும் விழிப்பே அந்த வேர். நடையாலும் கையாலும் ஊறு நேரும் என்று உணர்ந்த ஆசாரியர் வழியில் வந்த நாம், மூச்சாலும் ஊறு நேரும் என்று மருத்துவர் காட்டியபோது, 'அது நம் வழக்கமன்று' எனக் கூறி விலகலாமா?

வடிகட்டும் துணி யார் பொருட்டு?

நம் இல்லங்களில் பெண்மக்கள் வழிவழியாகக் காத்துவரும் ஓர் ஒழுக்கம் உண்டு. கிணற்று நீரைத் தடித்த துணியை இரண்டாக மடித்து வடிகட்டிய பின்னரே பயன்படுத்துவர். அவ்வளவோடு நின்றுவிடுவதில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மடியாவண்ணம், வடிகட்டிய நீரையே அதன்மேல் வார்த்து, எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தனரோ அந்தக் கிணற்றிலேயே அவற்றை மெல்ல விடுவர்.

இந்த ஒழுக்கத்தின் நோக்கத்தைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நீரில் உள்ள அழுக்கு நம் வயிற்றிற்குப் போகாதிருத்தல் அதனால் வரும் பயனே. ஆனால் அது மட்டுமே நோக்கமாயின், துணியை உதறி எறிந்தால் போதுமே. கிணற்றிற்கு மீண்டும் நடக்க வேண்டியதில்லையே! நடந்து சென்று விடுவது அந்த உயிர்களின் பொருட்டு. குடத்தின் வாயில் கட்டிய துணி நமக்கும் காவல், அவற்றிற்கும் காவல்.

முகக்கவசமும் அத்தகையதே. அது பிறர் மூச்சிலிருந்து நம்மை ஓரளவு காக்கின்றது. நம் மூச்சிலிருந்து பிறரையும் காக்கின்றது. கொரோனா நோயில் இரண்டாவது பயன் சிறப்பாகக் கருதத்தக்கது. அந்நோய் பற்றியவர் தமக்கு அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே பிறர்க்குப் பரப்ப வல்லவராயிருந்தார். அறிகுறியே தோன்றாமல் பரப்பியவரும் உண்டு. 'எனக்கு நோய் இல்லை' என்று எவரும் தம்மைப் பற்றி உறுதி கூற இயலாத நிலை அது. கண்ணுக்குத் தெரியாத உயிர் நீரில் இருக்கும் என்று கருதித் துணி கட்டுகின்ற நாம், கண்ணுக்குத் தெரியாத நோய் நம் மூச்சில் இருக்கலாம் என்று கருதித் துணி கட்டுதல் முறையேயன்றோ!

பாடியவர்கள் கதை

அமெரிக்க நாட்டில் வாசிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் என்னும் மாவட்டத்தில் 2020 மார்ச் 10ஆம் நாள் மாலை, கூட்டாகப் பாடிப் பயிலும் குழுவினர் 61 பேர் ஓர் அரங்கில் கூடினர். அவருள் ஒருவருக்குச் சில நாட்களாகச் சளி பிடித்தாற் போன்ற சிறு உடல்நலக் குறைவு இருந்தது. இரண்டரை மணி நேரம் அருகருகே அமர்ந்து பாடினர். பின்னர் அந்த 61 பேருள் 53 பேர் நோயுற்றனராகக் கணக்கிடப்பட்டது. இருவர் உயிர் நீத்தனர்.

அங்கே எவரும் எவர்க்கும் தீங்கு நினைக்கவில்லை. வாயிலிருந்து வந்ததும் இன்னிசையே. ஆனால் அம்மூச்சே நஞ்சாயிற்று. ஆலயத்தில் பக்கத்தில் பக்கமாக அமர்ந்து தோத்திரம் பாடும் நமக்கு இந்நிகழ்ச்சி நெஞ்சில் தைக்க வேண்டுவது.

இங்கே நம் சித்தாந்தம் கூறும் நுட்பத்தை உணர்தல் வேண்டும். உயிர் ஒன்று இறந்துபட்டது என்ற அளவில் இம்சை ஆகிவிடுவதில்லை. பிரமாதம் எனப்படும் விழிப்பின்மை சேர்ந்தபோதே அது இம்சையாகின்றது. பொன்னூர் மலையில் தவம் இயற்றியவர் என நம் மரபு போற்றும் குந்தகுந்தாசாரியர் பிரவசனசாரத்தில் இதனைத் தெளிவுறுத்துகின்றார். விழிப்போடு நடக்கும் முனிவரின் அடிக்கீழ் ஒரு சிற்றுயிர் எதிர்பாராது மடியினும் அவருக்கு அதனால் இம்சையின் பந்தம் இல்லை. விழிப்பின்றி நடப்பவருக்கோ, ஓர் உயிரும் மடியாவிடினும் பந்தம் உண்டு.

அன்று பாடிய அந்த மக்கள் அறியாதவர்கள். நோயின் இயல்பு உலகிற்கே அப்பொழுது விளங்கவில்லை. ஆனால் இன்று நாம் அறிந்தவர்கள். அறிந்த பின்னும் இருமலோடு முதியோர் நடுவே சென்று அமர்வோமாயின், அருகிலிருந்தவர் நோயுறாமல் தப்பினாலும் நாம் தப்புவதில்லை. அவர் தப்பியது அவர் நல்வினை. நம் கணக்கில் பிரமாதம் எழுதப்பட்டுவிடுகின்றது.

மஞ்சூரியாவின் பாடம்

முகக்கவசம் நேற்றுத் தோன்றியதன்று. 1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனத்தின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் நோய் பரவியது. அதன் தொடக்கமே நாம் கருதத்தக்கது. மர்மோட் என்னும் வளையில் வாழும் பிராணியின் மென்மயிர்த் தோலுக்கு அயல்நாடுகளில் விலை ஏறியது. அதனால் பழக்கமில்லாத வேட்டையாளர் பலர் திரண்டு சென்று, நோயுற்ற பிராணிகளையும் வேறுபாடறியாது பிடித்துத் தோலுரித்தனர். அவ்வழியே நோய் மனிதரைப் பற்றியது. ஏறத்தாழ 60,000 மக்கள் மாண்டனர். தோலாடைமேல் கொண்ட ஆசை எத்துணை உயிர்களை உண்டது, பாருங்கள்!

பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற வூ லியென்-டே என்னும் இளம் மருத்துவரைச் சீன அரசு அங்கே அனுப்பியது. நோய் எலியாலும் தெள்ளுப்பூச்சியாலும் மட்டும் பரவுவதன்று, மூச்சின் வழியே மனிதரிடமிருந்து மனிதர்க்குப் பரவுகின்றது என அவர் கண்டார். மெல்லிய துணிமடிப்பின் நடுவே பஞ்சு வைத்து முகக்கவசம் செய்து, மருத்துவரும் பணியாளரும் பொதுமக்களும் அணிய வேண்டுமென்றார். வயதிலும் அனுபவத்திலும் மூத்த மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் இளைஞரின் கூற்றை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்வையிட்டார். 1911 சனவரியில் சில நாட்களிலேயே அந்நோய்க்குத் தாமும் இரையானார். நோயாளரைப் பிரித்து வைத்தல், போக்குவரவைக் கட்டுப்படுத்தல், முகக்கவசம் ஆகியன சேர்ந்து சில மாதங்களில் அந்நோயை அடக்கின.

மாண்ட மருத்துவரை இகழ்தல் நம் நோக்கமன்று. அவரும் பிறர் உயிர் காக்கச் சென்றவரே. ஆயினும், மூத்தோரும் கற்றோரும் இளையோர் கூறும் மெய்ம்மையைக் கேட்கும் பணிவுடையராதல் வேண்டும் என்பதற்கு அவர் முடிவு ஒரு சான்று. நம் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள், "தாத்தா, கவசம் போட்டுக்கொண்டு செல்லுங்கள்" என்றபோது, "நான் பார்க்காத நோயா?" என விடை பகர்ந்த பெரியோர் இதனை எண்ணுவாராக.

வினைப்பயன் என்போர்க்கு

"நோய் வருவதும் வாராததும் அசாதா வேதனீய கர்மத்தால், உயிர் பிரிவது ஆயுள் கர்மத்தால். துணி என்ன செய்யும்?" என்று கேட்பவர் உளர். கர்மக் கொள்கையை நன்கறிந்தவர் போலத் தோன்றும் இவ்வினா, அக்கொள்கையின் ஒரு பாதியையே பற்றி நிற்பது.

வினை உதயமாவதற்குப் புறத்தே நிமித்தங்கள் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் ஆயுளைப் பற்றிக் கூறும்போது, தேவர், நரகர், சரம சரீரிகள் முதலிய சிலரின் ஆயுள் இடையில் குறைக்கப்படாது என வரையறுக்கின்றது. அந்த வரையறையால், ஏனையோராகிய நம் ஆயுள் நஞ்சு, படை, நோய் முதலிய நிமித்தங்களால் இடையில் குறையவும் கூடும் என்பது பெறப்படும். நிமித்தத்தை விலக்குதல் முயற்சி. முயற்சி வேண்டாவெனில், விரதம் எதற்கு? தவம் எதற்கு? பள்ளத்தைக் கண்டு விலகி நடப்பவன் கர்மத்தை மறுத்தவனாகான்.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. என் நோய் என் வினைப்பயன் என நான் பொறுத்துக்கொள்ளலாம். அது பொறுமை. அயலார் நோயை 'அவர் வினைப்பயன்' எனக் கூறி நான் அசட்டையாயிருப்பின், அது பொறுமையன்று; கொடுமை. அவர் வினை உதயத்திற்கு நான் நிமித்தமாகின்றேன். எனக்கு அது புதிய வினைப் பந்தமாகின்றது. கர்மக் கொள்கை நம்மைக் கடமையினின்று விடுவிக்க வந்ததன்று; கடமையில் நிறுத்த வந்தது.

நுண்ணுயிரைக் கொல்லுதல் ஆகாதே என ஐயுறுவோர்க்கும் ஒரு சொல். இல்லறத்தார் முற்றத் துறக்க வேண்டியது, வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சை. சமைத்தல், துவைத்தல், தூய்மை செய்தல் இவற்றில் நேரும் ஆரம்ப இம்சையை அவர் இயன்றவரை குறைத்துக்கொள்வர். சவர்க்காரத்தால் கை கழுவுதல் இதன்பாற்படும். முகக்கவசமோ எதனையும் கொல்லும் நோக்குடையதன்று, தடுத்து நிறுத்துவது. நோய் தடுக்கும் வழிகளுள் அகிம்சைக்கு மிகவும் அணுக்கமானது அதுவே.

ஆய்வுகள் கூறுவன

"அறிஞர்களே ஒத்துக் கூறவில்லையே" என்பர் சிலர். உண்மையே. 2020இன் தொடக்கத்தில், நோயற்ற பொதுமக்கள் அணிய வேண்டுவதில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் கூறியது. மருத்துவர்க்கே கவசம் போதாதிருந்ததும் அன்று பெருங்கவலையாயிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் நம் நாட்டுச் சுகாதார அமைச்சகம், வீட்டில் தைத்த துணிக்கவசத்தை வெளியே செல்வோர் அணியலாம் என அறிவுறுத்தியது. சூன் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனமும், நோய் பரவிய இடங்களில் விலகியிருக்க இயலாதபோது பொதுமக்கள் அணிய வேண்டும் எனத் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. புதிய சான்று கிடைத்தபோது கருத்தை மாற்றிக்கொள்ளுதல் குற்றமன்று. ஒருபக்கப் பிடிவாதத்தை ஏகாந்தம் எனக் கடியும் நமக்கு அது வியப்புமன்று.

டென்மார்க்கில் 2020இல் ஏறத்தாழ 6,000 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், கவசம் பரிந்துரைக்கப்பட்டவருள் 100க்கு 1.8 பேரும், ஏனையோருள் 2.1 பேரும் நோய்த்தொற்றுற்றனர். இவ்வேறுபாடு உறுதியான முடிவு கூறப் போதாது. ஆனால் அவ்வாய்வு, அணிந்தவர் தம்மைக் காத்துக்கொள்வது பற்றியது. அவரால் பிறர் காக்கப்படுவதை அது அளக்கவில்லை.

வங்காளதேசத்தில் 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, 600 சிற்றூர்களில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களிடையே மற்றோர் ஆய்வு நடந்தது. கவசம் வழங்கி, அணியுமாறு எடுத்துரைத்த ஊர்களில் 100க்கு 42 பேர் அணிந்தனர். ஏனைய ஊர்களில் 13 பேரே அணிந்தனர். கவசம் வழங்கிய ஊர்களில் அறிகுறியுடன் கூடிய நோய் ஏறத்தாழ 100க்கு 9 பங்கு குறைந்தது. அறுவை மருத்துவர் அணியும் வகைக் கவசம் வழங்கிய ஊர்களில், 60 வயதைக் கடந்தோரிடையே 100க்கு 35 பங்கு குறைந்தது. துணிக்கவசத்தின் பயன் அத்துணைத் தெளிவாகத் தோன்றவில்லை.

இவற்றால் அறியத்தக்கது யாது? முகக்கவசம் மந்திரக் கவசமன்று. அது நோயை முற்றும் தடுப்பதில்லை; ஓரளவே குறைப்பது. நல்ல கவசமாகவும் பலர் சேர்ந்தும் அணியின் பயன் மிகும். அந்தப் பயனும் முதியோர்க்கே மிகுதியாகச் சேர்கின்றது. 'ஓரளவு' என்பதை இகழ்தல் அணுவிரதிகளுக்கு அழகன்று. நம் நோன்பின் பெயரே 'அணு' என்னும் சிறுமையைச் சுட்டுவது. முற்றும் இயலாதவர் இயன்ற அளவு செய்க என்னும் அருளால் வகுக்கப்பட்டதன்றோ இல்லறத்தார் ஒழுக்கம்!

பயனில் தண்டம் ஐந்து

சாவகர்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. தேவையின்றி உயிர்கட்கு இழைக்கும் தீங்கை ஒழித்தல் அதன் பொருள். சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐந்தாக வகுத்தனர். தமிழில் அருங்கலச் செப்பும் அந்நெறியே செல்வது. தொற்றுக் காலத்தை நினைத்து இவ்வைந்தையும் எண்ணுவோம்.

முதலாவது, பாபோபதேசம், தீங்கு விளைக்கும் அறிவுரை. "கவசமும் வேண்டா, மருந்தும் வேண்டா, இக்கசாயம் ஒன்றே போதும்" என ஆராயாது ஊருக்கெல்லாம் உரைத்தல் இதன்பாற்படும்.

இரண்டாவது, இம்சாதானம், வாள், நஞ்சு, தீ முதலிய கொலைக் கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல். தொற்றுநோயைத் தன்னிடம் மறைத்து வைத்து விருந்திலும் அவையிலும் அமர்தல் இதனொடு ஒப்ப வைத்து அஞ்சத்தக்கது.

மூன்றாவது, அபத்தியானம், பிறர் கெடுக என எண்ணுதல். நோயுற்றவரை இழிவாகக் கருதியும், ஓரினத்தார்மேல் பழி சுமத்தியும் மக்கள் அக்காலத்தில் பேசினர். 2020 ஏப்ரலில், நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாது சென்னையில் ஒரு கூட்டம் தடுத்தது. முகத்தில் கவசம் இருந்து நெஞ்சில் கருணை இல்லையெனில் என்ன பயன்!

நான்காவது, துச்சுருதி, மனத்தைக் கெடுக்கும் செய்திகளைக் கேட்டல். கைப்பேசியில் வரும் வதந்தியைக் கேட்பதும் பரப்புவதும் இதில் அடங்கும்.

ஐந்தாவது, பிரமாதசரியை, விழிப்பற்ற ஒழுக்கம். பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடியைக் கிள்ளுதல் ஆகியவற்றோடு, பயனின்றித் திரிதலையும் திரியச் செய்தலையும் ஆசாரியர் இதில் சேர்த்தனர். ஊரடங்கு நாளில் வேடிக்கை பார்க்கத் தெருவில் உலவியதும், நோய் நாளில் முகம் மூடாது நெரிசலில் நுழைந்ததும் இவ்வகையினவே. முகக்கவசத்திற்கு நம் நூல்களில் இடம் எங்கே என வினவுவோர்க்கு, 'இங்கே' என இவ்விரதத்தைச் சுட்டலாம்.

மிகை வேண்டா

அறத்தின் பெயரால் மிகை செய்தலும் பிழையே. 2020 மார்ச் 13ஆம் நாள் முகக்கவசத்தை இன்றியமையாப் பொருள்களின் சட்டத்தின்கீழ் நம் அரசு கொணர்ந்தது. பதுக்கலும் கொள்ளை விலையும் மிகுந்தமையே காரணம். தேவைக்கு மேல் வாங்கிக் குவித்தவர் பரிகிரக அளவை மீறினர். மருத்துவமனைச் செவிலிக்குச் சேர வேண்டியது அவர் பெட்டியில் உறங்கியது. வணிகம் புரியும் நம்மவர்க்கு, இடுக்கண் காலத்தில் நியாய விலைக்கு விற்றலே தவம்.

ஐந்து வயதிற்கு உட்பட்ட சிறாரைக் கவசம் அணியக் கட்டாயப்படுத்த வேண்டா என உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் அறிவுறுத்தின. மூச்சுத் திணறல் உடையார்க்கும், பிறர் இதழசைவைக் கண்டே சொல்லை உணரும் செவித்திறன் குன்றியோர்க்கும் இரங்கி விலக்களித்தல் வேண்டும். அணியாத ஒருவரைக் கண்டவுடன் கடிந்துரைத்தலும் நோன்புக்கு ஏற்றதன்று; அவர் காரணத்தை நாம் அறியோம்.

மற்றொன்று, பலரும் கருதாதது. ஒருமுறை அணிந்து எறியும் கவசங்கள் பெரும்பாலும் மட்காத செயற்கை இழையால் ஆனவை. 2020இல் இங்கிலாந்தில் ஒரு கடற்காக்கை, கவச நாடா இரு காலிலும் இறுகச் சிக்கி நடக்கவியலாது கிடந்து மீட்கப்பட்டது. மனிதர் உயிர் காக்க அணிந்தது பறவைக்குத் தளையாதல் தகுமா? எறியுமுன் காது நாடாக்களைக் கத்தரித்துவிடுங்கள். மூடிய குப்பைத்தொட்டியில் இடுங்கள். இதுவும் ஜீவதயையே.

இன்று நாம் செய்யத்தக்கன

பெருந்தொற்று ஓய்ந்துவிட்டதே, இனி இவ்வுரை எதற்கு என்பீர்களாயின், நோய்கள் ஓயவில்லை என்பதே விடை. குளிர்காய்ச்சல் ஆண்டுதோறும் வருகின்றது. உலகில் காசநோயால் புதிதாகப் பற்றப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியினர் நம் நாட்டினர். அதுவும் மூச்சின் வழியே பரவுவது. நம் சிற்றூர்களிலோ இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட, முதியோரே பெரும்பாலும் எஞ்சியுள்ளனர். திருவிழாவிற்கும் திருமணத்திற்கும் நகரிலிருந்து வரும் மக்கள், பேருந்திலும் இரயிலிலும் பெற்ற இருமலைத் தாத்தாவிற்கும் பாட்டிக்கும் கையுறையாகக் கொணர்தல் ஆகாது.

ஆதலின் எளிய நியமங்கள் சிலவற்றை இல்லந்தோறும் மேற்கொள்வோமாக. இருமல், சளி, காய்ச்சல் உள்ள நாளில் இயன்றவரை வீட்டிலேயே இருந்து, அங்கேயே சாமாயிகமும் தோத்திரமும் செய்வோம். வெளியே சென்றே ஆக வேண்டுமெனில் மூக்கும் வாயும் மூடும்படி கவசம் அணிவோம். முதியோரையும் நோயாளரையும் காணச் செல்லும்போது, நமக்கு நலக்குறைவு இல்லையெனினும், ஊரில் நோய் பரவியிருப்பின் அணிவோம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிற்கும் ஒரு நல்ல கவசம் கொடுப்போம். அவள் இருமினால் கூலி குறைக்காமல் ஓய்வு கொடுப்போம். மீண்டும் ஒரு பெருந்தொற்று வருமாயின், மருத்துவத் துறையினர் கூறுவதற்குச் செவி சாய்த்து, முதலில் அணிபவர்களுள் நாமும் இருப்போம்.

ஒரு நாழிகை துணி அணிதல் சிறு துன்பமே. மூச்சு சற்று வெம்மையாகும், மூக்குக்கண்ணாடி மங்கும், காது வலிக்கும். பசி, தாகம், குளிர், வெப்பம் முதலிய பரீஷகங்கள் இருபத்திரண்டையும் முகம் சுளியாது தாங்கும் முனிவர்களை வணங்கும் நாம், இதனைத் தாங்க இயலாதென்று கூறுவது நாணத்தக்கதாகும்.

பகவானின் 2500ஆவது நிர்வாண ஆண்டையொட்டிச் சமணர் அனைவர்க்கும் பொதுவாக ஏற்கப்பெற்ற சின்னத்தை நீங்கள் அறிவீர்கள். உயர்த்திய கையும், அதன் நடுவே சக்கரமும், கீழே உயிர்கள் ஒன்றற்கொன்று உதவுதலைக் கூறும் தத்துவார்த்த சூத்திரத் தொடரும் அதில் உள்ளன. நம் ஆலய வாயிலிலும் அழைப்பிதழிலும் அதனைப் பொறிக்கின்றோம். நான் விடும் மூச்சையே என் அயலார் இழுக்கின்றார். அவர் விடும் மூச்சை நான் இழுக்கின்றேன். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இதனினும் அணித்தான சான்று வேண்டுமோ? அம்மூச்சைத் தூய்மையாக அவர்க்கு அளித்தல் நாம் நாள்தோறும் செய்யத்தக்க அபயதானமாகும்.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை! எல்லா உயிரும் நோயின்றி வாழ்க!